வால்முடியில் எழுத்துப் பார்க்கும் சித்தி

என் சித்தி ஓர் எருமையின் வாலில் பத்து முடி பிடுங்கினால், உலகத்து வெண்ணெயெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். நிலா வெள்ளையாக இருப்பதுகூட சித்தி பார்த்துச் சரி சொன்னதால்தான்.

கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். சித்திக்கு மாட்டுப் பண்ணையில் வேலை. வால்முடியை வேரோடு எடுத்து, காகித உறையில் போட்டு, எண் எழுதிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவாள். ஒவ்வொரு மாட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நீளமான கடிதம் ஒன்று இருக்கிறதாம். அதில் ஓர் எழுத்து மாறினால் பாலில் கொழுப்பு ஏறும், அல்லது இறங்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, பண்ணையில் சித்திக்குக் கூடமாட நிற்பவன். கடிதம் யார் போட்டது என்று கேட்டேன்.

"அம்மாவும் அப்பாவும் பாதிப் பாதி எழுதினதுடா. உனக்கு மட்டும் கிறுக்கிட்டாங்க."

விடிகாலையில் கொட்டகை பாதிக் கனவுபோல இருக்கும். எருமைகளின் மூச்சு பனியோடு கலந்து, எது மாடு எது மூட்டம் என்று தெரியாது. சித்தி ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்து, அது அசைபோடும் தாளத்துக்குத் தன் மூச்சையும் மெதுவாக்குவாள். அப்புறம்தான் பிடுங்குவாள். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. என்னை மட்டும் எல்லா மாடும் போலீஸ் மாதிரி பார்க்கும்.

ஏழாம் எண் எருமைக்குத் தூங்குமூஞ்சி என்று நான்தான் பெயர் வைத்தேன். தீனியை மாற்றியும் அதன் பாலில் கொழுப்பு ஏறவில்லை. எழுத்தும் சரியில்லை என்று அறிக்கை வந்தால் பண்ணையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாசமெல்லாம் கிடையாது. மதியத்தில் சாய்ந்துகொள்ள அதன் விலாதான் வசதி.

சித்தி கை கழுவப் போன நேரம் பார்த்து, ஏழாம் உறையிலிருந்த முடியை ஊதிவிட்டேன். போன அறிக்கையில் கொழுப்பு எழுத்துக்கு நட்சத்திரம் வாங்கியிருந்தது கடைசியில் நின்ற கறுப்புப் பசு. அதன் வாலில் பத்து முடி எடுத்து உள்ளே வைத்தேன். கறுப்புக்குக் கறுப்பு, எழுத்துக்கு எழுத்து. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து சித்தி அறிக்கையோடு வந்தாள். நான் தூங்குமூஞ்சியின் விலாவில் சாய்ந்து, அதன் வயிற்றுக்குள் தூரத்து மேளம்போல எதுவோ உருள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்ல சேதிடா. ஏழாம் நம்பருக்கு அருமையான எழுத்தாம்."

"நான் அப்பவே நெனச்சேன் சித்தி. மூஞ்சியிலயே தெரியுதே."

"இன்னொண்ணும் போட்டிருக்காங்க. ஏழாம் நம்பர் பசுமாடாம்."

தூங்குமூஞ்சி நிதானமாக அசைபோட்டது.

"கூடத்துல யாராவது தப்புப் பண்ணியிருப்பாங்க."

"இருக்கும்." சித்தி புது உறையை எடுத்தாள். "கொழுப்பு குறைஞ்ச எருமையும் ஒண்ணு வேணும், ஏறினதோட ஒப்பிட்டுப் பார்க்கணும்னு பண்ணை ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். சரின்னுட்டாங்க. இவ இங்கேயே இருக்கலாம். ஆனா இவளோட நிஜ முடி போகணும். பசு முடிய வச்சு இவள யாருன்னு சொல்றது?"

நான் எழுந்து வாலைப் பிடித்தேன்.

சித்தி எருமையின் காதை மடித்துப் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது.

"ஏன்டா, கூடத்துல தப்புப் பண்ணினவங்கதான் தெனம் வந்து இவளுக்கு உண்ணி எடுத்துட்டுப் போறாங்களா?"