குணத்துக்கு முழு மார்க்

எங்க காங்கேயம் காளையைப் பசுவுக்குச் சேர்க்கிற பொலிகாளையாப் பதிவு பண்ண மாட்டு டாக்டர் வந்தாருங்க. தீவனத்துக்கே வழியில்லை, பதிவாகலைன்னா அடிமாட்டு லாரிதான். திமிலுக்கு நல்ல மார்க். ஆனா நடத்திக் காட்டச் சொன்னப்ப, எங்க வீட்டுக்காரர் இழுத்தும் அசையலை. பொம்பளை பொலிகாளையைப் பிடிக்கக்கூடாதும்பாங்க. பனியன் கம்பெனிக்குக் கிளம்பி நின்ன நானே கயித்தை வாங்கினேன். பின்னாலேயே வந்தான்.

"குணத்துக்கு முழு மார்க்"னு எழுதின டாக்டர், பின்னங்காலைப் பார்த்துட்டு நிமிர்ந்தார். "கால் கோணலுங்க. கன்னுக்கும் வரும். பதிய முடியாதுங்க."

சாயங்காலம் லாரி வந்துச்சு. யார் இழுத்தும் ஏறலை.

"அம்மிணி, நீ வா"ன்னார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காம.

நான் முன்னால லாரிப் பலகையில ஏறினேன். பின்னாலேயே வந்தான். கயிறு ஒருதரங்கூட இறுகலை. இறுகியிருந்தாத் தேவலைன்னு இன்னைக்கும் தோணுதுங்க.