அரிசி மாவில் ஒரு ஸ்டேஷன்

எங்கள் அடுக்குமாடியின் பின்புறமாக ஒரு காலத்தில் ரயில் ஓடியிருக்கிறது. வங்காளத்தில், டாலிகஞ்சுக்குத் தெற்கே சதுப்பு நிலத்தைக் கடந்து போன சின்ன ரயில். நான் பிறப்பதற்கு முன்பே அதை நிறுத்தித் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே இருந்த ஸ்டேஷனில் மிச்சம் இருந்தது சேம்புப் புதருக்குள் பிளாட்பாரத்தின் ஒரு ஓரமும், தண்ணீர்த் தொட்டி நின்ற வட்டமான செங்கல் மேடையும்தான். குடியிருப்புக் கமிட்டிக்கு அது குப்பைமேடு. சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தலாம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

முப்பது வருஷம் ஒரு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் இருந்தவள் நான். குப்பைக்கும் கட்டடத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் சேம்பு வாடியதும், ஜன்னல் திரைக் கம்பியைக் கழற்றிக்கொண்டு போய்த் தரையில் குத்திப் பார்த்தேன். சில இடங்களில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சில இடங்களில் டக்கென்று நின்றது. நின்ற இடங்களையெல்லாம் அளந்து நோட்டில் சேர்த்தபோது ஒரு வீடு வந்தது. ஒற்றை அறை, ஒரு வாசல். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்ட கேங்மேனின் வீடாக இருக்க வேண்டும்.

"நமக்கெதுக்கு வம்பு? நாம வெளியூர்க்காரா" என்றார் என் கணவர்.

"நான் பொறந்ததே இந்த ஊர்லதான். இன்னும் எத்தனை வருஷம் இருந்தா உள்ளூர்க்காரி ஆவேன்னு சொல்லுங்கோ, காத்துண்டிருக்கேன்."

பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா குமாஸ்தா. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எங்களுக்கு வேறு வீடு கொடுத்துவிட்டு அந்த வரிசையையே இடித்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் காட்ட முடியவில்லை. அந்த அவமானம் இன்னும் எனக்குப் போகவில்லை. இந்த வீட்டையும் அப்படிக் காணாமல் போக விடுவதாக இல்லை.

கமிட்டிச் செயலாளர் கரியாஹாட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, அங்கே ஒரு வீடு புதைந்திருக்கிறது, சிமென்ட் போடக் கூடாது என்றதும், அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டு வங்காளியில் சொன்னார்: "தீதி, நீங்கள் மதராஸ்காரர்கள். இங்கே என்ன இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வருகிறோம். வீடு இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை சிமென்ட்."

சனிக்கிழமை சாயங்காலம் புதரை வெட்டி, நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சுவர் ஓடும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு இழுத்தேன். தப்பு செய்தது அங்கேதான். எந்த சர்வேயரும் சுண்ணாம்புப் பொடிதான் போடுவார். என் கையோ தானாக அரிசி மாவு டப்பாவுக்குப் போயிற்று. தரையில் கோடு என்றால் எனக்குக் கோலம்தான்.

மறுநாள் கமிட்டியோடு போய் நின்றபோது கோட்டில் முக்கால்வாசியைக் காணோம். பனி பாதி, எறும்பு பாதி. கடைசித் துணுக்குகளை எறும்புகள் என் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போயின.

"எங்கே தீதி உங்கள் ஸ்டேஷன்? எறும்பு தின்றுவிட்டதா?" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை.

மாவு போனால் போகட்டும், நோட்டு இருக்கிறது. பிளாட்பாரத்தின் மூலையிலிருந்து பன்னிரண்டு அடி அளந்தேன். தோட்டக்காரரிடம் மண்வெட்டியை வாங்கி நானே வெட்டினேன். அறுபது வயதுக்கு அது லேசான வேலை இல்லை. ஒருவர் கைகொடுக்க வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு சாண் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. மண்ணைக் கையால் ஒதுக்கினேன். வாசற்படி. நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காக யாரோ உள்ளே போய் வெளியே வந்த தேய்மானம்.

"ஒரு கல்தானே" என்றார் செயலாளர்.

"ஒரு கல்தான். அது இங்கேயே இருக்கும். சிமென்ட் கொட்டுவதானால் என் மேலும் சேர்த்துக் கொட்டுங்கள்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை சிமென்ட் வண்டி வருவதற்கு முன்பே போய் மறுபடி உட்கார்ந்தேன். மத்தியானம் என் கணவர் தயிர் சாதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிமென்ட் கொட்ட வந்தவர்கள் எங்களைச் சுற்றித்தான் கொட்ட வேண்டியிருந்தது.

இப்போது பின்புறம் முழுக்கச் சிமென்ட். பிளாட்பாரமும் தொட்டி மேடையும் போய்விட்டன. அந்த இரண்டிலும் நான் தோற்றேன். அந்த ஒற்றை அறையின் அளவுக்கு மட்டும் நடுவில் மண் விட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் செயலாளர் அதைச் சுற்றித்தான் காரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வாய்க்குள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குனிந்து அந்தப் படிக்கு முன்னால் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். வாசலை வெறுமனே விட்டு எனக்குப் பழக்கமில்லை. இன்றைக்கும் அரிசி மாவுதான். எறும்பு தின்னட்டும். நாளைக்கும் போடுவேன்.