பெரியப்பா கேட்ட தண்ணீர்

அப்பாவின் தமையன், என் பெரியப்பா, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தார். அங்கே தெருப்பலகை முதல் தேவாலயம் வரை எல்லாமே பிரெஞ்சுதான். பெரியம்மா அந்த ஊர்க்காரி. அவர்களின் மகளான அக்காவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. "நான் வாயை மூடினா இந்த ஊரில தமிழ் முடிஞ்சுது" என்று பெரியப்பா போனில் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. ஒரு சனிக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவில் எங்கள் டண்டினொங் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் அழைத்தாள். நோய் பெரியப்பாவின் பிரெஞ்சை முழுதாகத் துடைத்துவிட்டிருந்தது. அவர் பேசுவது பெரியம்மாவுக்கும் விளங்கவில்லை, தாதிமாருக்கும் விளங்கவில்லை. அக்கா போனை அவர் வாயருகே பிடித்தாள்.

"தண்ணி... தண்ணி தாங்கோ."

அப்பா என் தோளை உலுக்கினார். "நீ பிரெஞ்ச் படிக்கிறனிதானே? தண்ணி கேக்கிறார் எண்டு சொல்லு, பிள்ளை."

பள்ளிக்கூடத்தில் நான் படித்த பிரெஞ்சு நிறங்களையும் கிழமைப் பெயர்களையும் அதிகம் தாண்டவில்லை. "ஓ!" என்றேன். தண்ணீருக்குப் பிரெஞ்சில் அதுதான் சொல். நான் பதறிக் கத்துகிறேன் என்று அக்கா நினைத்தாள். தண்ணீர்க் கிளாஸைத் தூக்கிக் காட்டி மறுபடியும் "ஓ, ஓ" என்றேன்.

அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அழத் தொடங்கினாள். அவரால் விழுங்க முடியாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஈரப்பஞ்சை எடுத்து அவர் உதட்டை மட்டும் நனைத்தாள்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "தம்பி... வந்திட்டியே?"

அப்பா ஆஸ்திரேலியாவுக்கு அகதியாகப் படகில் வந்தவர். கையில் இருந்தது தற்காலிக விசா. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள்.

"ஓம் அண்ணை, வந்திட்டன். பக்கத்திலதான் நிக்கிறன்" என்றார்.

பெரியப்பா பிறகு பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை தாழ்ந்து, போன் ஆஸ்பத்திரிக் கூரையைக் காட்டியது. பெரியம்மா ஓலமிடுவது கேட்டது. அப்பா இரண்டு கைகளாலும் போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

எனக்கோ கோபம். சின்னப் பொய்க்குக்கூட என்னை முழங்காலில் நிற்க வைத்தவர் அப்பா.

"நீங்கள் இஞ்சதானே நிக்கிறியள், அப்பா. பெரியப்பாட்டை ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அம்மா என் வாயைப் பொத்தி, முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெயிலில் நின்று, நான் கேட்டதில் என்ன பிழை என்று வெகுநேரம் யோசித்தேன்.