புத்தி நான்கு

ஆர்லோ வீட்டுக் கீழ்த்தளத்தில் நாங்கள் ஆடும் கதை விளையாட்டுக்கு ஒரே சட்டம்தான். பகடையை எல்லார் கண்ணெதிரிலும் உருட்ட வேண்டும். விழுந்த எண்ணை மாற்றக் கூடாது. பலம், வேகம், புத்தி என்று வரிசையாக உருட்டு. விழுவதுதான் கதையில் உன் ஆள். அந்த ஆள் சாகும்வரை அவன் வாயால்தான் நீ பேச வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் லொரீனின் பழைய வீரன் குகைக்குள் செத்துப்போனான். அவள் புதிதாக உருட்டினாள். பதினெட்டுக்குப் பலம் பதினேழு. புத்தி நான்கு.

“குரலு! குரலு!” என்று கர்ட் மேசையைத் தட்டினான். ஏழு வருஷத்துக்கு முன் அவனுக்கும் இப்படி ஒரு ஆள் விழுந்தது. நாக்கைத் தடிக்க வைத்து, எச்சில் வழிய அவன் இழுத்து இழுத்துப் பேசியதில் எங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்போது டுவெயின் வர ஆரம்பித்திருக்கவில்லை.

டுவெயின் லொரீனின் தம்பி. நாற்பது வயது. சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து அடுக்குகிறான். எதையும் இரண்டு முறை சொன்னால்தான் அவனுக்குப் பிடிபடும். பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரீன், அம்மா போன பிறகு அவனைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். ஆட்டத்தில் அவன் சேர்வதில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கீழே விழும் பகடைகளை எடுத்துக் கொடுப்பான்.

முன்பு பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடப் போய்க்கொண்டிருந்தான். அங்கே யாரோ அவன் பேச்சை அவன் முன்னாலேயே பேசிக் காட்டினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். மறுவாரம், “வயிறு வலிக்குதுக்கா” என்றான். அதற்கடுத்த வாரமும் வலித்தது. பிறகு போகவே இல்லை. தேவாலயப் பாட்டுக்குழுவும் அப்படித்தான் நின்றது. மிச்சமிருந்தது இந்த மேசை.

“பேரு என்ன?” என்றார் ஆர்லோ. கதையை நடத்துபவர் அவர்.

“பிரூனா.” லொரீன் தன் குரலிலேயே பேசினாள். “எனக்குச் சட்டுனு புரியாது. மெதுவா சொல்லுங்க.”

“அய்ய! இதுக்கு எதுக்கு நாலு? எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் பேசறாங்க. தள்ளு, நான் காட்டறேன்.” கர்ட் நாக்கை வெளியே தள்ளினான். “எனக்... க்கு... பு... ரி...”

டுவெயின் சிரித்தான். எல்லாரையும் முந்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக.

பிறகு, “வயிறு வலிக்குதுக்கா” என்றான்.

லொரீனின் கை நாற்காலி முதுகில் கிடந்த கோட்டுக்குப் போனது. கிளம்பினால் இந்த மேசையும் அவனுக்கு நின்றுவிடும். கர்ட்டைத் திட்டினால், திட்டியது எதற்காக என்று டுவெயினுக்குத் தெரிந்துவிடும். கையை எடுத்துக்கொண்டாள்.

“இந்த ஆத்தத் தாண்டிட்டுப் போயிரலாம்டா” என்றாள் தம்பியிடம்.

கதையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. எங்கோ வில்லாளிகள் ஒளிந்திருந்தார்கள். கர்ட்டின் திருடன் தன் திட்டத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான்.

“புரியல. இன்னொரு தடவ” என்றாள் லொரீன்.

“இப்பத்தான சொன்னேன்?”

“பிரூனாவுக்குப் புரியல.”

“அப்ப அவ இங்கயே கெடக்கட்டும். விட்டுட்டுப் போலாம்.”

டுவெயின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னால முடிஞ்சது ஒண்ணு சொல்லுங்க” என்றாள் லொரீன், பிரூனாவாக. “ஒண்ணே ஒண்ணு. செய்வேன்.”

கர்ட் பெருமூச்சு விட்டான். “சரி தாயி. கயித்தப் புடிச்சுக்க. நான் தாண்டற வரைக்கும் விடாத.”

“நீ தாண்டற வரைக்கும் விடமாட்டேன்.”

திருடன் நடு ஆற்றில் இருந்தபோது பிரூனாவின் தோளில் அம்பு பாய்ந்தது. புத்தி பதினாறு உள்ள என் மந்திரவாதி அதற்குள் ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தான்.

“அடுத்த அம்பு வருது” என்றார் ஆர்லோ. “கயித்த விட்டா நீ பொழைப்ப. கர்ட்டோட ஆளு தண்ணியோட போயிருவான். என்ன செய்யற?”

அந்தத் திருடனைக் கர்ட் ஆறு வருஷமாக உயிரோடு வைத்திருந்தான்.

“அவன் இன்னும் தாண்டல” என்றாள் லொரீன். “விடல.”

“அப்ப உருட்டு. பன்னெண்டுக்குக் கீழ விழுந்தா ரெண்டு பேரும் காலி.”

அவள் இருபது முகப் பகடையைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். “நீ போடுடா.”

கர்ட் மேசைமேல் சாய்ந்தான். “பிரூனா...” இழுப்பு இல்லை. அவனுடைய குரல்தான். “கொஞ்சம் புடிச்சுக்க. பக்கத்துல வந்துட்டேன்.”

டுவெயின் அவனையே பார்த்தான். “புடிச்சிட்டுத்தான் இருக்கா. நீ வா.”

உருட்டினான். பகடை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்து எங்கோ ஓடியது. கண்ணெதிரில் என்பது சட்டம். எல்லாரும் பார்ப்பதற்குமுன் கையால் எடுத்தால் செல்லாது. டுவெயினுக்குப் பின்னாலேயே கர்ட் மண்டியிட்டான். பிறகு ஒவ்வொருவராக மேசைக்கடியில் தலையை நுழைத்தோம். டுவெயின் எங்களுக்கு முன்னால் போய் அதன் பக்கத்தில் படுத்திருந்தான்.

“பதிமூணு” என்றான். “தொடாதீங்க. எல்லாரும் பாருங்க.”

பார்த்தோம்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது காரின் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. லொரீன் அதைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். உடனே கிளப்பவில்லை.

“வயிறு எப்படிடா இருக்கு?”

டுவெயின் யோசித்தான். அவள் காத்திருந்தாள்.

“பசிக்குது” என்றான்.