துத்தநாகம் விட்டுப்போன கும்மி

எனக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாடினேன் என்றுதான் என்னிடமிருந்து பத்தாம் வகுப்பைப் பிடுங்கினார்கள்.

அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்றபின், நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கப் போனேன். உயிரியல் எடுத்தவர் மோகனூர்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். அவர் ஊர் மாரியம்மன் பண்டிகைக் கும்மி மெட்டு அத்தனையும் அவர் தொண்டையில் இருந்தது. நான் வரி எழுதுவேன். அவர் மெட்டில் ஏற்றுவார். மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே முப்பத்தொரு பாட்டுக் கட்டினோம். அறிவியலுக்குப் பதினான்கு, புவியியலுக்கு ஒன்பது, வரலாற்றுக்கு ஐந்து, கணக்குக்கு மூன்று. மற்ற ஆசிரியர்களும் கேட்டு வாங்கிப் போனார்கள். என் வகுப்புக்கும் அவரே வந்து பாடிக் கொடுப்பார். நான் மேசையில் தாளம் தட்டுவதோடு சரி.

எனக்குப் பிடித்தது உலோகங்களின் வினைபடு வரிசை. பொட்டாசியத்தில் தொடங்கித் தங்கத்தில் முடியும். பன்னிரண்டு உலோகம், பன்னிரண்டு வரி, வரிக்கு நாலு கைதட்டு. படிப்பில் கடைசியில் இருந்த பிள்ளைகள்கூட வரிசை மாறாமல் எழுதினார்கள்.

பெற்றோர் பார்க்க வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் வேப்பமரத்தடியில் மகளுக்குச் சோறு போட்டபடி, "இந்த வாரம் என்ன சாமி படிச்ச?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கைதட்டாமல் வரிசை வராது. தட்டை இறக்கி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து கும்மி கொட்டியே சொன்னாள். பன்னிரண்டும் சரி.

"கும்மி கொட்டறதுக்கு நம்மூருக் கோயில் வாசல் பத்தாதா? அதுக்குத்தான் இங்க கொண்டாந்து உட்டனா?" என்று அவர் நேரே தாளாளர் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் தாளாளர் என்னையும் உயிரியல் நண்பரையும் கூப்பிட்டார். "யாருங்க பத்தாவதுக்குக் கும்மி சொல்லிக் குடுத்தது?"

'நாங்கள்' என்று சொல்ல வாயெடுத்தேன். நண்பர் முந்திக்கொண்டார்.

"சார்தானுங்க. பொதுத்தேர்வு எழுதற புள்ளைங்க, வேண்டாமுங்க சார்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேனுங்க."

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தாளாளர் என்னைப் பார்த்தார். "இந்தக் குரலை வெச்சுக்கிட்டாங்க பாடுனீங்க?" என்றார். நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. பாடியவர் அவர் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அப்போதும் நினைத்தேன், பாருங்கள்.

எனக்கு ஆறாம் வகுப்பு என்றானது. பத்தாம் வகுப்பு வேதியியலும் அவருக்கே போனது. வெளியே வந்ததும், "மனசுல வெச்சுக்காதீங்க சார். ஆறாவதுன்னா உங்களுக்கும் அலைச்சல் இல்லீங்க பாருங்க," என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பத்தாம் வகுப்பு வழியே போனேன். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல்களும். உள்ளே தாழ்ந்த குரலில் அதே மெட்டு. கைதட்டுக்குப் பதிலாக மேசையில் ஒற்றை விரல். என் விரல்கள் தாமாக எண்ணின. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு... தங்கம் வந்தபோது பதினொன்று. மறுபடி பாடினார்கள். மறுபடியும் பதினொன்று.

அவர் பாடட்டும், எனக்கென்ன என்று போயிருப்பேன். ஆனால் தேர்விலும் அந்தப் பிள்ளைகள் பதினொன்றைத்தானே எழுதுவார்கள்? கதவைத் தட்டினேன். பாட்டு அறுந்தது.

அவர் கதவைப் பாதி திறந்து, "டெஸ்ட் நடக்குதுங்க சார்," என்றார்.

"துத்தநாகத்தை உட்டுட்டீங்க."

"என்னதுங்க?"

"அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவுல. ஆறாவது வரி."

"டெஸ்ட்டுன்னு சொன்னேனுங்களே."

கதவு சாத்திக்கொண்டது. ஆறாம் வகுப்பை நோக்கி நடந்தேன். பின்னால் விரல்கள் மறுபடி தட்டத் தொடங்கின. நின்று வரிகளை எண்ணினேன்.

பன்னிரண்டு.