மாமியார் இறந்த அன்று பார்த்த பார்கள்

நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் பார்களில் எது எப்படி என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஒரே மதியத்தில் அத்தனையும் ஏறி இறங்கியவள்.

அன்று காலை தியாகதுருகத்தில் என் மாமியார் இறந்துபோனார். என் கணவர் அவருக்கு ஒரே பிள்ளை. கொள்ளி போட வேண்டியவர். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்; குடியால் அந்த வேலையும் போயிருந்தது. போனை எடுக்கவில்லை. சாயந்தரத்துக்குள் பிணத்தை எடுத்தாக வேண்டும் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். நான் தேடக் கிளம்பினேன்.

முதல் பார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகை. காலடியெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர்கள். மூத்திர நாற்றமும் சுண்டல் தாளித்த வாசனையும் சேர்ந்தே வந்தன. நான் நுழைந்ததும் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்ணின் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, கடை திறந்ததும் வந்தார், போய்விட்டார் என்றார்.

அடுத்தது லாட்ஜ் மாடியில். ஏசி, மீன் தொட்டி, நீல விளக்கு. பெண்களை விடுவதில்லை என்று வாசலில் இருந்தவர் மறித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரே செல்போன் வெளிச்சத்தை அடித்து மேசை மேசையாக முகங்களைப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்று தலையாட்டினார்.

மார்க்கெட்டை ஒட்டிய பார்தான் இருப்பதிலேயே சுத்தம். தரை கழுவியிருந்தது. சாமி படத்துக்குக் கதம்பம் போட்டிருந்தார்கள். நான் கணவர் பேரைச் சொன்னதும் ஆம்லெட் போடுகிறவர் அடுப்பைத் தணித்தார்.

"அவரு இங்கல்லாம் வர்றதில்லீங்க. பின்னால சந்துல பாருங்க" என்றார்.

ஊரில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு, அவர் பாரில் இருக்கிறார் என்று தெரிந்தாலே எனக்கு ஒரு நிம்மதி. சந்து என்று கேட்டதும் ஓட்டமாக ஓடினேன்.

அங்கே போர்டு இல்லை, மேசை இல்லை. செங்கல் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போயிருந்தன. எதிரே குந்தினேன்.

"அம்மா செத்துட்டாங்க. எழுந்திரிங்க."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "யாரோட அம்மா?"

"உங்க அம்மா."

அவர் கை டம்ளரைத் தேடியது. பக்கத்தில் இருந்தவர் அதை எடுத்துத் தரையில் ஊற்றினார். முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரைத் தூக்கிவந்து ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

தியாகதுருகத்தில் அவரால் நிற்கவே முடியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியில், "இவன் தோள்ல குடம் நிக்காதுடா" என்று பங்காளிகளில் மூத்தவர் சொன்னார். என் கணவருக்கு அண்ணன் முறையான பெரியப்பா மகன் மொட்டையடித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியை எடுத்தார். மேளச் சத்தம் தெருவைத் தாண்டிப் போனபோது நான் உள்ளே அவர் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவருக்குத் தெளிந்திருந்தது. காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

வாய் திறந்திருந்தது, துணி வைத்துக் கட்டினோம் என்றேன்.

"தூங்கறா மாரி இருந்துச்சா?"

"இல்லிங்க."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பால் தெளிக்க எல்லோருடனும் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனின் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் என்று வீட்டிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து சட்டையை மாட்டியபோது ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.