விளக்கு வேண்டாத தேவி

யாரும் கும்பிடாத ஒரு சாமி வேண்டும் என்றார் எங்கள் முதலாளி. சாத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருந்தவர். அங்கே பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுகிற லேபிள்களுக்குப் படம் வரைவது என் வேலை. இருக்கிற சாமிகளின் படத்தைப் பட்டாசில் போட்டால், கொளுத்தியதும் கிழிந்து தெருவில் மிதிபடுகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். "இல்லாத சாமியாப் பாத்து வரைஞ்சு குடும்மா. எவன் கேக்க வருவான்?" என்றார்.

கரும்பு தின்னக் கூலியா? ஒரு சூரிய தேவியை உண்டாக்கினேன். வெம்பக்கோட்டைக் காட்டில் வெயிலில் நின்று களை எடுக்கிறவளுக்கு என்ன நிறமோ அந்த நிறம். நெற்றியில் வேர்வை, உச்சியில் கதிர்க் கிரீடம். பெட்டியின் பின்பக்கம் அவளுடைய நாட்டைப் பற்றியும் சில வரிகள் எழுதினேன். அந்த நாட்டில் கோயிலுக்குக் கூரை கிடையாது. காணிக்கை, துவைத்த ஈரத்துணி. அது காய்ந்தால் வேண்டுதல் பலித்ததென்று அர்த்தம். விளக்கு மட்டும் ஏற்றவே கூடாது. சூரியனுக்கே தீ காட்டுவது அவளை அவமதிப்பது.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "சொரூபம் உண்டாக்கக் கூடாதுன்னு படிச்சதெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

"வரையத்தான் செஞ்சேன். கும்பிடலையே!" என்றேன். அன்றைக்கு அது வெறும் படம்தான் எனக்கு.

சீசன் ஆர்டர் கழுத்தை நெரித்த நேரத்தில் சிக்கல் வந்தது. பூச்சட்டிக்கு லேபிள் சுற்றுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பூச்சட்டி கூம்பு மாதிரி இருக்கும், திரி அதன் உச்சியில் வரும். லேபிளைச் சுற்றினால் தேவியின் கிரீடத்துக்கு நடுவில் திரி நிற்கும். அங்கேதான் தீ வைக்க வேண்டும்.

"சும்மா படம்னு நீயே வந்து சொல்லு. இல்லாத சாமிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று முதலாளி என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்.

ஷெட்டில் ஓர் அக்கா எழுந்து நின்றாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்த விபத்தில் அவளுக்குக் கழுத்திலிருந்து காது வரை தீப்பட்ட தழும்பு.

"அது நான் வரைஞ்ச படம்க்கா. அப்படி ஒரு சாமியே கிடையாது" என்றேன்.

"அது தெரியாதாக்கும்? எங்களுக்கென்ன கிறுக்கா?" பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். "வெளக்கே ஏத்தக் கூடாதுன்னு எழுதினது நீங்கதானே? இப்ப அவ தலையிலயே தீ வைக்கச் சொல்லுதீக. சாமி பொய்யா இருந்துட்டுப் போவட்டும். பொம்பளை மூஞ்சி பொய்யா? நாங்க ஒட்ட மாட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. அழகுக்கு எழுதிய வரியை நானே மறந்திருந்தேன். அவர்கள் அதைப் படித்து, நம்பாமலே, மதித்திருந்தார்கள். அவர்களிடம் போய் 'வெறும் படம்' என்று இன்னொரு தரம் சொல்வதா? முதலாளி பக்கம் திரும்பினேன்.

"படத்துல மூஞ்சியை எடுத்துருதேன் அண்ணாச்சி" என்றேன்.

"மூஞ்சி இல்லாட்டி சரக்கு எப்படிப் போகும்? யார் கிட்ட சம்பளம் வாங்குதங்கிறது ஞாபகம் இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மூஞ்சிதான் வேணும்னா உங்க போட்டோ ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. கிரீடம் வச்சு அழகா வரைஞ்சு தாரேன். உச்சியில திரியைச் செருகிக்கிடலாம்."

ஷெட்டே சிரித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் எனக்கு வேலை இல்லை.

போகட்டும். வரைகிற கையை அவர் பிடுங்கிக்கொள்ள முடியாது. இப்போது விருதுநகரில் மிளகாய்ப்பொடி பாக்கெட்டுக்குப் படம் போடுகிறேன். அந்தப் பூச்சட்டிகள் கடைசியில் வெறும் மஞ்சள் தாளோடுதான் லோடு ஏறின. பெண்கள் அசையவில்லை, அவருக்கு வேறு வழியும் இல்லை. தேவி பெட்டி மூடியில் மட்டும் தங்கினாள்.

அதில் ஒரு மூடியை, பட்டாசை வெயிலில் காயப்போடுகிற களத்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். மழை மூட்டம் போட்டால் யாராவது ஈரத் துண்டை அங்கே விரித்துவிட்டு வருகிறார்களாம்.

"வெளக்கு?" என்று கேட்டேன்.

"எவனாவது தீப்பெட்டியோட கிட்ட வரட்டும், பாத்துக்கிடுதோம்" என்றாள்.